பூட்டிய வீடும் குறிஞ்சித் திணையும்



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கொல்லிமலைக்குச் செல்லும் பாதையிலோ 70 வளைவுகள். சித்திரை, வைகாசித் திங்கள்களில் இப்பாதைகளில் ஏறும் வண்டிகளுள் ஒரு பகுதி விடுதியை நாடிச் செல்வன அல்ல. சொந்த வீட்டை நாடிச் செல்வன. சேலத்து வெள்ளிக் கொலுசு வணிகர், சவ்வரிசி ஆலை உரிமையாளர், நாமக்கல்லின் கோழிப்பண்ணையார், லாரி உரிமையாளர், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர், மருத்துவர், ஓய்வுபெற்ற பேராசிரியர் எனச் சமவெளியில் பொருள் ஈட்டியோர் பலருக்கும் மலையில் ஒரு வீடு என்பது ஆசை. சிலருக்கு அது கைகூடிய ஆசை. ஐரோப்பியச் செல்வர் பிரெஞ்சு ஆல்ப்சு மலையின் பனிச்சறுக்கு ஊர்களில் விடுமுறை வீடு வாங்குவதற்கு ஒப்பானது இது. அங்கே பனியைத் தேடி ஏறுகிறார்கள். இங்கே வெயிலுக்கு அஞ்சி ஏறுகிறார்கள்.

இந்த ஆசையில் குற்றம் காண்பது எளிது, ஆனால் நேர்மையன்று. சேலம் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு முதல் ஏழு பாகை வரை வெப்பம் குறையும் என்பது இயற்கைக் கணக்கு. கத்திரி வெயிலில் ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டுப் பாகை குளிர்ச்சி கிடைக்குமாயின் யாருக்குத்தான் மனம் செல்லாது?

எனினும் தமிழ் பயின்றோர் ஈண்டு ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். தொல்காப்பியம் குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் வகுத்தது. அஃதாவது ஐப்பசி முதல் தை வரை. சிறுபொழுது யாமம். வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியவை. மலையில் வீடு வாங்கியோர் அங்கே செல்லும் காலமோ வேனில். குறிஞ்சி நிலத்திற்குப் பாலையின் பொழுதில் சென்று, குறிஞ்சியின் பொழுது வரும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கிவிடுகின்றனர். வடகிழக்குப் பருவமழையில் சுவர் ஈரம் கசிவதையும், மார்கழி, தைத் திங்கள்களில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்களின் விரல் விறைப்பதையும் அவ்வீடுகளின் உரிமையாளர் காண்பதில்லை. கோடைமழையின் முதல் தூறலுக்குப் பின் காப்பித் தோட்டம் முழுதும் வெண்மையாய்ப் பூத்து மணப்பது சில நாள்களே. மே மாதக் கோடைவிழாவுக்கு வருவோர்க்கு அதுவும் கிட்டுவதில்லை. பணம் கொடுத்துப் பெற்றது இடம் மட்டுமே. பொழுது பத்திரத்தில் எழுதப்படவில்லை.

மலைக்கு வீடு தேடி வந்த முன்னையோர் எல்லாரும் இத்தகையர் அல்லர். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிருக்கு வித்திட்டார். அவர் வழியே வந்தது ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகளின் கூட்டம். அவர்களைப் போற்ற வேண்டியதில்லை. ஆயின் இருவரைக் குறிப்பிடாமல் இருத்தல் இயலாது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், ஆறாயிரத்திற்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874இல் வெளியிட்டவருமான பீட்டர் பெர்சிவல் ஏற்காட்டில் வாழ்ந்து, 1882இல் அங்கேயே மறைந்தார். அவர்தம் மருமகன் இராபர்ட் புரூஸ் பூட், 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கியவர். அவரும் ஓய்வுக்குப்பின் ஏற்காட்டில் வீடமைத்துத் தங்கினார். இவர்களும் அயலார்தாம். ஆனால் கூதிரிலும் முன்பனியிலும் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. தமிழ்ப் பழமொழிக்கும் ஏற்காட்டுக்கும் உள்ள இவ்வுறவைச் சேலத்துத் தமிழ் மாணவர் பலரும் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

இன்று வீடு வாங்குவோர் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும் என்று கருதுகின்றனர். மலையில் அது போதாது. அரசு ஒப்படையாக வழங்கிய நிலம் நிபந்தனைக்கு உட்பட்டது. பழங்குடியினருக்கு அளித்ததாயின் அதிகாரிகளின் இசைவின்றி வாங்கிய விலை செல்லாது போகும். மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். மலைப்பகுதிக் கட்டடங்களை நெறிப்படுத்த 1990இல் தமிழக அரசு தனிக் குழு அமைத்தது. ஆந்திரத்தின் பட்டியல் பகுதிகளில் பழங்குடி அல்லாதார் நிலம் வாங்குவதையே 1970ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தமிழகத்தில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை.

சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வாழும் மலையாளி மக்கள் கேரளத்தவர் அல்லர்; மலையை ஆள்பவர் என்னும் பொருளில் அப்பெயர் பெற்ற தமிழர். காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவரின் வழியினர் தாங்கள் என்பது அவர்களின் மரபுக் கதை. வல்வில் ஓரியின் பெயரைக் கல்லில் பொறித்துக் கொண்டாடும் சமவெளியார், ஓரியின் மலையில் சாமையும் கேழ்வரகும் விதைத்தோர் தம் நிலத்தை விற்றுவிட்டு, அதே நிலத்தில் எழுந்த வீட்டுக்குக் காவலாளாய் அமர்வதைக் கண்டும் காணாதிருக்கின்றனர். விற்றவர் கையில் வந்த தொகை ஒரு திருமணத்திலோ ஒரு மருத்துவச் செலவிலோ கரைந்துவிடும். வாங்கியவர் வீட்டின் விலையோ ஆண்டுதோறும் ஏறும். இது வஞ்சகம் அன்று; இருவரும் மனமொப்பிச் செய்ததே. ஆயினும் பேரம் சமமானவர்க்கிடையே நிகழவில்லை. நீரும் அப்படியே. கோடையில் ஊற்றுகள் மெலியும் அதே வாரங்களில்தான் பூட்டிய வீடுகள் திறந்து தொட்டிகள் நிரம்ப வேண்டியிருக்கிறது. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டால் பாலை தோன்றும் என்னும் இளங்கோவடிகளின் கருத்தை வகுப்பறையில் விளக்குவோர், அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

ஆல்ப்சு மலையினர் இத்துன்பத்தை முன்பே பட்டவர்கள். 1946இல் வெற்று மலைச்சரிவில் கூர்ஷெவல் என்னும் பனிச்சறுக்கு ஊரைக் கட்டத் தொடங்கினர். 1964 முதல் பிரெஞ்சு அரசே திட்டமிட்டு இத்தகைய ஊர்களை எழுப்பியது. இன்று அம்மலைகளின் பல ஊர்களில் குடியிருப்போர் வீடுகளைவிட விடுமுறை வீடுகளே மிகுதி. ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே ஆள் துயிலும் படுக்கைகளைக் ‘குளிர்ந்த படுக்கைகள்’ என்று அவர்கள் அழைக்கின்றனர். கவிஞர் எவரும் சூட்டிய பெயரன்று அது. திட்ட அலுவலரின் சொல். அண்டை நாடான சுவிட்சர்லாந்தில் 2012இல் மக்களே வாக்களித்து, ஓர் ஊரின் வீடுகளுள் 20 விழுக்காட்டிற்கு மேல் இரண்டாம் வீடுகள் கூடா என்று வரம்பிட்டனர். பிரான்சும் 2024இல் ஒரு சட்டம் இயற்றி, இரண்டாம் வீடுகள் மிகுந்த ஊர்களில் புதிதாய்க் கட்டப்படுவனவற்றை நிலையாக வாழ்வோர்க்கே ஒதுக்கும் உரிமையை ஊராட்சிகளுக்குத் தந்தது. ஏற்காட்டில் எத்தனை வீடுகள் ஆண்டில் பத்துத் திங்கள் பூட்டிக் கிடக்கின்றன என்று எண்ணத் தொடங்குவதே நல்ல தொடக்கமாகும்.

இதில் கவிஞர்க்கு என்ன வேலை எனலாம். வேலை உண்டு. விற்பனை விளம்பரங்களில் ‘மேகம் தொடும் இல்லம்’ என்றும் ‘இயற்கையின் மடி’ என்றும் வரும் தொடர்கள் கவிதையிலிருந்து களவாடப்பட்டவை. பனிமூட்டம் இல்லாத ஏற்காட்டுக் கவிதை அரிது. அக்கவிதைகளுட் பல, வீடு வாங்கியவர் சாளரத்திலிருந்தே மலையைப் பார்க்கின்றன. அகத்திணைப் புலவர் மலையை அங்கே வாழ்வோர் வாயால் பேசவைத்தனர். தலைவியும் தோழியும் செவிலியும் தினைப்புனம் காப்போரும் அங்கே பேசினர். விருந்தினர் பேசவில்லை.

மழைக்காலத்தில் அவ்வீடுகளின் சாவிக்கொத்து காவற்காரர் குடிசையின் ஆணியில் தொங்கும். வாரத்திற்கொரு முறை அவர் மனைவி சென்று கதவைத் திறந்து, மெத்தையில் பூசணம் படராதிருக்கச் சாளரங்களை விரித்துவைத்து, ஈரத் தரையைத் துடைத்துவிட்டு, இருட்டும் முன் பூட்டித் திரும்புகிறார். கூதிர்க் காலத்தில் அந்த அறைகளை அறிந்தவர் அவர் ஒருவரே. அவர் பேசும் கவிதை இன்னும் எழுதப்படவில்லை.