விமான நிலையம் அமைக்க விரும்பும் இளைஞருக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நமது சங்கத்து இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். குடிசார் பொறியியல் பயில்பவர். விமான நிலையங்களை அமைக்கும் தொழிலிற் புக விரும்புபவர். "ஐயா, நான் நிலத்தில் வேலை செய்யப்போகிறவன். விமானத்தின் பறப்பாற்றலை நான் ஏன் படிக்கவேண்டும்?" என்று வினவினார். அவருக்குக் கூறிய விடையையே இன்று உங்கள் முன் விரித்துரைக்கின்றேன்.

நம்மூர்த் தேர்வீதியை எண்ணிப் பாருங்கள். தேரின் அகலமும் பாரமும் எவ்வளவு, அது எவ்வாறு திரும்பும், முட்டுக்கட்டை போட்டபின் எத்தனை முழம் ஓடி நிற்கும் என்பவற்றை அறியாதவன் வீதி வகுத்தால், முதல் முடக்கிலேயே தேர் நின்றுவிடும். ஓடுபாதையும் அத்தகையதே.

சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதில் இறக்கைக்குக் கிடைக்கும் உயர்த்தும் விசையும் எஞ்சினின் வலுவும் குறையும். ஆகவே விமானம் கூடிய தூரம் ஓடியே மேலெழ முடியும். முதற் கணிப்புக்குச் சர்வதேசக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பு எளிய விதிகள் தந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் 7 சதவீதம் நீளம் கூட்டவேண்டும். நியம வெப்பநிலைக்கு மேற்பட்ட ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 1 சதவீதம் கூட்டவேண்டும். கடல் மட்டத்தில் 15 பாகையில் 1,800 மீற்றர் வேண்டும் விமானத்துக்கு, நமது கரையோரத்தில் 33 பாகையில் 18 சதவீதம் கூடி, 2,124 மீற்றர் வேண்டும். பொலிவியாவின் எல் அல்ற்றோ விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 4,000 மீற்றருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. அதன் ஓடுபாதையின் நீளமும் 4,000 மீற்றர். காரணத்தை நீங்களே அறிவீர்கள்.

இனி, புறப்படும் வேளையில் ஓர் எஞ்சின் பழுதுற்றால்? தீர்மான வேகத்தை எட்டுமுன் என்றால் விமானி நிறுத்தவேண்டும்; அதைக் கடந்துவிட்டால் எஞ்சிய எஞ்சினைக் கொண்டே மேலெழவேண்டும். இவ்விரண்டுக்கும் வேண்டிய இடம் நிலத்தில் இருத்தல் வேண்டும்.

இறக்கையின் அகலமும் அவ்வாறே. ஏ.ரி.ஆர். 72 விமானத்தின் இறக்கை அகலம் ஏறக்குறைய 27 மீற்றர். ஏ 380 விமானத்தினது ஏறக்குறைய 80 மீற்றர். இரண்டையும் ஒரே தரிப்பிடத்தில் வைக்க எண்ணுபவன் பொறியியலாளன் ஆகான்.

அன்பர்களே, இது வெறும் கணக்கன்று. 2024 டிசம்பர் 29 ஆம் நாள் தென் கொரியாவின் மூஆன் விமான நிலையத்தில், சில்லுகள் வெளிவராமல் வயிற்றால் இறங்கிய விமானம் ஓடுபாதையைக் கடந்து சென்றது. அப்பால், அந்தெனாவைத் தாங்கி நின்ற கொங்கிறீற்று அமைப்பில் மோதியது. 181 பேரில் 179 பேர் மாண்டனர். அந்த அமைப்பும் ஒருகாலம் நிலத்தில் வேலை செய்தவரின் வரைபடத்திற் கோடாக இருந்ததே! ஓடுபாதையின் முடிவுக்கு அப்பாலும் விமானம் வரக்கூடும் என்பதை உணர்ந்தவனே, அங்கு நிற்பவை மோதினால் எளிதில் உடைவனவாக இருக்கவேண்டும் என்ற விதியின் பொருளை உணர்வான்.

பலாலியை நோக்குங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த நிலம் அது. 1947 இல் எயர் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து அதன் வழியே சென்னை சென்றது. 2019 ஒக்ரோபர் 17 இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக அது திறக்கப்பட்டபோது, சென்னைச் சேவைக்கு வந்தது ஏ.ரி.ஆர். 72. எந்த விமானம் வரலாம் என்பதை நமது ஆசை தீர்மானிப்பதில்லை; ஓடுபாதையின் நீளமும் உறுதியும் தீர்மானிக்கின்றன.

ஆதலால், இளைஞரே, மண்ணியலையும் பாதை அமைப்பையும் வடிகாலையும் முதலிற் செவ்வனே பயிலுங்கள். அவையே உங்கள் தொழிலின் அத்திவாரம். அத்துடன் விமானத்தின் ஆற்றலையும் கற்றுக்கொள்ளுங்கள். விமான நிலையம் அமைப்போருக்கென எயர்பஸ், போயிங் நிறுவனங்கள் தத்தம் விமானங்களின் அளவுகளையும் ஓடுதூர வரைபுகளையும் இலவசமாகவே வெளியிடுகின்றன. ஒரு வரைபை எடுத்து, நமது ஊரின் வெயிலுக்கு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். விமானி ஆகவேண்டியதில்லை; விமானி உங்களிடம் எதை நம்பி இறங்குகிறார் என்பதை அறிந்தாற் போதும்.