மின்சார மெழுகுதிரி: எங்கே ஏற்றலாம், எங்கே ஏற்றலாகாது?

(பங்கு யூபிலியை முன்னிட்டு இளைஞர் குழுவினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யூபிலி ஆண்டில் ஒரு மின்வேலைக்காரனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒயரும் பல்பும்தான். ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸ் இரவில், கல்வராயன் மலைமேல் உள்ள ஒரு சிற்றூருக்குக் குடில் சோடிக்கப் போயிருந்தேன். சாமை வைக்கோலால் கூரை வேய்ந்த அழகான குடில். பிள்ளைகள் பாலன் இயேசுவின் முன் மெழுகுதிரிகளை வரிசையாக ஏற்றினார்கள். மலைக்காற்று ஒரு முறை வீசியது. சுடர் சாய்ந்தது, வைக்கோல் பற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஒரு தாய் தண்ணீர்க் குடத்தை அப்படியே கவிழ்த்தார். நெருப்பு குடிலோடு நின்றது. ஆனால் ஒரு சிறுமியின் கை கொப்பளித்துவிட்டது. அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை திரியின் பக்கமே வரவில்லை.

அன்று முடிவு செய்தேன்: குடிலுக்கு நெருப்பில்லாத திரி ஒன்று செய்ய வேண்டும், ஆனால் அது திரியாகவே தோன்ற வேண்டும்.

முதலில் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் சீரியல் பல்பு வாங்கினேன். அது எரிந்தது, அணைந்தது, மீண்டும் எரிந்தது. பார்த்தவர்கள், "இது என்ன, துணிக்கடை விளம்பரமா?" என்று கேட்டார்கள்.

அடுத்து, நம் தொழிலில் பலருக்கும் தெரிந்த ஒரு வித்தை. டியூப்லைட் ஸ்டார்ட்டரை ஒரு சிறு பல்புடன் வரிசையாக இணைத்தேன். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் உலோகத் தகடு சூடேறினால் வளைந்து தொடும், ஆறினால் விலகும். அதனால் பல்பு ஒழுங்கின்றித் துடிக்கும். முன்னதைவிட மேல்தான். ஆனால் அதுவும் இடையிடையே முற்றிலும் இருண்டது. அது சுடர் அல்ல, பழுதான விளக்கு!

பிறகுதான் புத்தி வந்தது. அசலைப் பார்க்காமல் நகல் செய்ய முடியுமா? ஒரு மெழுகுதிரியை ஏற்றி எதிரில் உட்கார்ந்தேன். மைக்கேல் பாரடே என்ற விஞ்ஞானி 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டனில் இளைஞர்களுக்காக மெழுகுதிரியைப் பற்றி மட்டுமே ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். ஒரு திரியில் அவ்வளவு செய்தி இருக்கிறது!

நான் கண்டவை மூன்று. ஒன்று, காற்றில்லாத அறையில் ஒற்றைத் திரி ஆடுவதே இல்லை, அசையாமல் நிற்கிறது. காற்று பட்டால்தான் ஆடுகிறது. இரண்டு, ஆடும்போதும் அது இருளுவதில்லை; அடிப்பாகம் நிலையாக இருக்க, நுனிதான் அலைகிறது. மூன்று, அதன் நிறம். சுடருக்குள் பழுக்கக் காயும் கரித்துகள்களே அந்த மஞ்சள் ஒளியைத் தருகின்றன. ஒளியின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். எண் குறையக் குறையச் செம்மை கூடும். குண்டு பல்பு ஏறக்குறைய 2,700. மெழுகுதிரி ஏறக்குறைய 1,900.

சேர்ந்து எரியும் திரிகளின் கதை வேறு. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். மூன்று திரிகளைச் சேர்த்து ஏற்றினால் சுடர் நொடிக்கு ஏறக்குறைய பத்து முறை தானாகவே ஏறி இறங்குமாம். அப்படிப்பட்ட இரண்டு கட்டுகளை நெருக்கி வைத்தால் இரண்டும் ஒரே தாளத்தில் ஆடுமாம்!

இதன்படி மாற்றினேன். ஒரே கூட்டுக்குள் இரண்டு பல்புகள்: ஒன்று நிலையாக எரியும், மற்றொன்று ஸ்டார்ட்டரோடு துடிக்கும். கூட்டின்மேல் ஆரஞ்சு நிறக் கண்ணாடித்தாள். அப்போதுதான் அது சுடர் போலத் தோன்றியது. எனினும் 'சீரோ வாட்' பல்பு என்பது பெயருக்குத்தான். உண்மையில் 12 முதல் 15 வாட் வரை இழுக்கும், சூடாகும். 230 வோல்ட் மின்சாரம் வேறு. வைக்கோலுக்கும் பிள்ளைகளின் கைக்கும் அது ஆகாது.

இன்று சிறு பேட்டரியில் எரியும் எல்.ஈ.டி. திரிகள் வந்துவிட்டன. உள்ளே இருக்கும் சிறு சில்லு, ஒழுங்கற்ற எண்களை உண்டாக்கி, நொடிக்குப் பத்துக்கு மேற்பட்ட முறை ஒளியைக் கூட்டிக் குறைக்கிறது. சிலவற்றில் சுடர் வடிவத் தகடு ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டு, காந்தத்தால் அசையச் செய்து, அதன்மேல் ஒளி பாய்ச்சுகிறார்கள். அமெரிக்க டிஸ்னி நிறுவனப் பொறியாளர்கள் உருவாக்கிய முறை இது.

அன்பர்களே, இவை அனைத்தும் குடிலுக்கும் நட்சத்திரத்துக்கும் நாடக மேடைக்கும் நல்லவை. பீடத்துக்கு அல்ல. வழிபாட்டுத் திரி உயிருள்ள சுடர் தரவேண்டும், மின்பல்பு கூடாது என்று உரோமை 1974-இல் தெளிவாக்கியது. நற்கருணைப் பேழையின் அருகே எரியும் விளக்கும் எண்ணெயாலோ மெழுகாலோ எரியவேண்டும் என்பது ஒழுங்கு. காரணம் எளிது. என் மின்திரி எவ்வளவு ஆடினாலும் ஓர் அங்குலமும் குறையாது. மெழுகுதிரியோ தன்னைக் கொடுத்துக்கொண்டே எரிகிறது.

அந்தச் சிறுமிக்குத்தான் முதல் மின்திரியைக் கொடுத்தேன். தயங்கித் தயங்கித் தொட்டாள். சுடவில்லை என்றதும் சிரித்தாள். அதோடு விட்டிருந்தால் என் வேலை பாதிதான். பின்னொரு பாஸ்கா இரவில், காகிதக் குவளை மாட்டிய உண்மைத் திரியை, அவள் தாய் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, அவள் ஏந்தி நின்றாள்.

ஆகவே தம்பிமாரே, இந்த ஆண்டு மலைக் கிராமக் குடில்களுக்கெல்லாம் மின்திரி செய்து கொடுப்போம். உண்மைச் சுடர் எரியும் இடத்தில் பக்கத்தில் ஓர் ஆள் நிற்போம். ஒரு வாளித் தண்ணீரும் வைப்போம்.