மாடும் மோட்டாரும் ஒரே சாலையில்



வடசேரிக் கனகமூலம் சந்தைக்கு ஒருகாலத்தில் சுற்றூர்களிலிருந்து மாட்டுவண்டிகள் வந்தன. இன்று வண்டிகள் அருகி, மோட்டார்கள் பெருகிவிட்டன. ஆயினும் கால்நடைகளை ஓட்டிச் செல்வோருக்கு வேறு வழியில்லை, அதே சாலைதான்.

குதிரையாயினும் காளையாயினும் கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்துள்ளமையால், நேர் பின்புறம் தெரியாது. அங்கே திடீரென ஹாரன் அலறினால் மிரளும். மிரண்டது சாலையின் நடுவே பாயும். பழியோ வாயில்லாப் பிராணியின் மேல்! ஆகவே பின்னால் வருபவர் ஒலி எழுப்பாமல், வேகத்தைக் குறைத்து, நன்கு விலகிக் கடத்தல் வேண்டும்.

மாடு பிடித்துச் செல்பவர் இடது ஓரமாகவே செல்லுக. மோட்டார் வரும் பக்கத்தில் தாம் நின்று, மாட்டை உட்புறம் நடத்துக. இருட்டியபின் பின்புறம் விளக்கோ ஒளி காட்டும் தகடோ இல்லாத வண்டி, லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு அருகில் வரும்வரை புலப்படாது.

ஊராட்சிச் சாலைகளின் ஓரத்து முட்செடிகளை வெட்டி, மண்விளிம்பைச் சமன்செய்து வைத்தாலன்றிக் காளை ஒதுங்க இடமிராது. மழைக்குப் பின் செடிகள் மீண்டும் தழைக்கும். அப்போதும் ஆள்விட்டு வெட்டுக.