வெங்காய வளையமும் 16 ஆம்ப் பிளக்கும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்தபின், தேநீர் நேரத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஏர் ஃப்ரையரை மேஜைமேல் வைத்துக்கொண்டு பேசியதன் எழுத்து வடிவம்.)

பராமரிப்புக் கட்டணம், லிஃப்ட் ரிப்பேர் என்று ஒன்றரை மணி நேரம் பேசிக் களைத்திருக்கிறீர்கள். அதனால் நான் தின்பண்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். மெஷினை இப்போதே சூடாக்கப் போட்டுவிட்டேன். பேசி முடிப்பதற்குள் முதல் தட்டு தயாராகிவிடும்.

நம் வளாகத்தில் பாதி வீடுகளிலாவது சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளைகள் தனியாகத்தான் வீட்டுக்கு வருகிறார்கள். வந்ததும் பசி. ஃப்ரீசரில் ஒரு பாக்கெட் ஆனியன் ரிங்ஸ் இருக்கும். என் பையனுக்குப் பதினாலு வயது. வாணலியில் கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் அவன் தனியாக நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை வாங்கினேன். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் வேறு ஒரு இடத்தில் தப்பு செய்தேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். வெங்காயம், மைதா, ரொட்டித்தூள், உப்பு, அதோடு சமையல் எண்ணெய் என்று போட்டிருக்கும். எண்ணெய் ஏன்? வெங்காயத்தை வட்டமாக நறுக்கி, மாவுக் கரைசலில் முக்கி, ரொட்டித்தூளில் புரட்டி, தொழிற்சாலையிலேயே கொதிக்கிற எண்ணெயில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் உறைய வைக்கிறார்கள். நம் கைக்கு வருவது அரைப் பொரியல். (சில பாக்கெட்டுகளில் முழு வட்டமாக நறுக்கிய வெங்காயம் இருக்காது. பொடியாக நறுக்கியதைப் பிடிமானப் பொருள் சேர்த்து வளையமாக அச்சில் வார்த்திருப்பார்கள். கடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.)

ஏர் ஃப்ரையர் எதையும் பொரிப்பதில்லை. பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. மேலே ஒரு சூட்டுக்கம்பி, அதற்கும் மேலே ஒரு விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை, அவ்வளவுதான். சின்ன இடத்துக்குள் சூடான காற்றை வேகமாகச் சுற்றவிடும் ஓவன். 2010இல் பிலிப்ஸ் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது வைத்த பெயர் எல்லாக் கம்பெனி மெஷினுக்கும் ஒட்டிக்கொண்டது. தொழிற்சாலையில் பாதி பொரித்ததை இது காயவைத்து மொறுமொறுப்பாக்கி முடித்துத் தருகிறது. எண்ணெய் ஏற்கெனவே மாவிலேயே இருப்பதால் நாம் மேலே ஊற்ற வேண்டியதில்லை.

இது புரிந்துவிட்டால், வாங்கிய மெஷினைப் பரணில் ஏற்றிவிட்ட மூன்று நாலு வீடுகளின் வருத்தமும் புரியும். அவர்கள் வெங்காய பஜ்ஜி போட்டுப் பார்த்தவர்கள்! கடலைமாவுக் கரைசல் எண்ணெயில் விழுந்த நொடியே இறுகிக்கொள்ளும். இங்கே காற்றுதான் இருக்கிறது. இறுகுவதற்குள் மாவு ஓட்டை வழியாக ஒழுகிவிடும், மிச்சம் ரப்பர் மாதிரி ஆகும். பஜ்ஜி வேண்டுமென்றால் வாணலிதான். நானும் மழை நாளில் வாணலியைத்தான் எடுக்கிறேன்.

இப்போது செய்முறை. பாக்கெட்டை வெளியே எடுத்து வைத்து ஐஸ் விடவைக்காதீர்கள். ஃப்ரீசரிலிருந்து நேரே கூடைக்குப் போக வேண்டும். இளகினால் மாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு உரிந்து வரும். மெஷினை 200 டிகிரியில் மூன்று நிமிஷம் வெறுமனே ஓடவிடுங்கள். வளையங்களை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். என்னுடைய நாலு லிட்டர் கூடையில் எட்டிலிருந்து பத்து வரை கொள்ளும். பெரிய வளையத்துக்குள் சின்ன வளையத்தைச் செருகி இடம் மிச்சம் பிடிக்கும் வேலையெல்லாம் வேண்டாம், நான் பார்த்தாயிற்று. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது ஆவியாகி வெளியேற வழி வேண்டும். குவியலாகப் போட்டால் ஒன்றின் ஆவியில் இன்னொன்று வேகும். மேலே இருப்பது கருகும், அடியில் இருப்பது சொதசொத என்று இருக்கும். வீட்டில் ஆறு பேர் இருந்தால் மூன்று தடவை போடத்தான் வேண்டும். அதற்கு வேறு வழி கிடையாது.

ஐந்தாவது நிமிஷம் இடுக்கியால் திருப்பிப் போடுங்கள். குலுக்கினால் ரொட்டித்தூள் உதிரும். எட்டு முதல் பத்து நிமிஷத்தில் ஆகிவிடும். முதல் தடவை ஏழாவது நிமிஷத்திலேயே திறந்து பார்த்துவிடுங்கள், ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு மாதிரி. இரண்டாவது தட்டுக்கு ஒரு நிமிஷம் குறைவாகவே போதும், மெஷின் ஏற்கெனவே சூடாக இருக்கும். பாக்கெட்டில் ஓவனுக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தால், சூட்டில் 20 டிகிரியும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கும் குறைத்து ஆரம்பியுங்கள்.

பொன்னிறம் வந்ததும் நிறுத்துங்கள். மாவுச்சத்துள்ள பண்டங்களை அதிகச் சூட்டில் வறுத்தால் அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கருகக் கருக அது கூடும். அடித்தட்டில் உதிர்ந்து கிடக்கும் தூளையும் ஒவ்வொரு முறையும் தட்டிவிடுங்கள். அடுத்த தடவை புகையும் நாற்றமும் அதிலிருந்துதான் வரும்.

பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. என் மாமனாருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. ‘எண்ணெயே இல்லையேம்மா’ என்று ஒரு நாள் முழுத் தட்டையும் காலி பண்ணிவிட்டார். எண்ணெய் உள்ளேதான் இருக்கிறது மாமா என்றேன். சரி, அது போகட்டும், உப்பைப் பாருங்கள் என்று பாக்கெட்டைக் காட்டினேன். சோடியம் எவ்வளவு என்று 100 கிராமுக்குக் கணக்குப் போட்டிருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தொட்டுக்கொள்ளும் கெச்சப்பிலும் உப்பு இருக்கிறது. இப்போது அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு நாலு வளையத்தோடு நிறுத்திக்கொள்கிறார். ஐந்தாவது கேட்டால் கொடுத்துவிடுகிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

இனி என் தப்பு. மெஷினின் பிளக் தடித்த முள் உள்ளது, 16 ஆம்ப். சமையல் மேடையில் இருந்த ஒரே பவர் பாயிண்ட்டில் ஃப்ரிட்ஜ் மாட்டியிருந்தது. நான் ஒரு கன்வர்ஷன் பிளக் வாங்கி, பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மெஷினைச் செருகிவிட்டேன். மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் பையன் வளையத்தை உள்ளே வைத்துவிட்டு, அதே பாக்ஸில் எலெக்ட்ரிக் கெட்டிலையும் போட்டிருக்கிறான். ரப்பர் கருகும் வாசனை வர, எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறான். அவர்கள் ஓடி வந்து மெயினை அணைத்தார்கள். நான் வந்து பார்த்தபோது பாக்ஸ் உருகி மேடையோடு ஒட்டியிருந்தது. மேலே மரக் கப்போர்டு. அடுத்த கை தூரத்தில் கேஸ் டியூப்.

எம்.சி.பி. ஏன் டிரிப் ஆகவில்லை என்று எலெக்ட்ரீஷியனிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கணக்குச் சொன்னார். மெஷின் 1500 வாட், கெட்டில் 1500 வாட். 3000ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்ப். எம்.சி.பி. 16 ஆம்ப்புக்கு உள்ளது. அது சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, 6 ஆம்ப் தாங்கும் பாக்ஸைப் பற்றி அதற்குத் தெரியாது. கெட்டில் இல்லாமல் மெஷின் மட்டும் ஓடினாலே ஆறரை ஆம்ப். மூன்று மாதமும் அந்தப் பாக்ஸ் தன் சக்திக்கு மீறித்தான் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

இப்போது இந்த மெஷினுக்கென்று தனியாக ஒரு பவர் பாயிண்ட் போட்டாயிற்று. பின்பக்கம் சூடான காற்று வெளியேறும். அதனால் சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, கப்போர்டுக்கு நேர் கீழே வராமல் வைத்திருக்கிறேன். இரண்டு வீடுகளில் கேஸ் அடுப்பின் மேலேயே வைத்திருப்பதைப் பார்த்தேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கை தவறி குமிழ் திரும்பினால் போதும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போதும் இதைப் போடாதீர்கள். நமக்கு அப்போது விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் ஓடும் அளவுக்குத்தான் லோடு தருகிறார்கள். 1500 வாட் இழுத்தால் உங்கள் வீடு இருட்டாகும், செக்யூரிட்டிக்குப் போன் போகும். கடையில் வாங்கும்போதும் பாக்கெட்டை ஒரு தடவை தடவிப் பாருங்கள். வளையங்கள் தனித்தனியாக உருள வேண்டும். கட்டியாக ஒட்டிக்கொண்டு, உள்ளே ஐஸ் பாளமாக இருந்தால், எங்கேயோ இளகி மறுபடி உறைந்திருக்கிறது. எடுக்காதீர்கள்.

எலெக்ட்ரீஷியன் அடுத்த சனிக்கிழமை நம் வளாகத்துக்கு வருகிறார். உங்கள் சமையலறை பாயிண்ட்டைப் பார்க்க வேண்டும் என்றால் சங்க அலுவலக நோட்டில் ஃப்ளாட் நம்பரை எழுதிவிடுங்கள். எழுத வெட்கப்பட வேண்டாம், அதில் முதல் நம்பர் என்னுடையதுதான்.

மணி அடித்துவிட்டது. பயப்படாதீர்கள், இந்த ஹாலில் பின்சுவரில் இருப்பது பவர் பாயிண்ட்தான், மேஜையை ஏன் அங்கே இழுத்துப் போட்டேன் என்று இப்போது தெரிந்திருக்கும். குட்டீஸ் முதலில் வாருங்கள். ஒரு தடவைக்குப் பத்துதான் வரும், பெரியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கெச்சப் அந்தப் பக்கம் இருக்கிறது. மாமா, நீங்கள் நாலு.