கையெழுத்துக்குப் பிறகு முளைத்த தொகை

புளியந்தோப்பிலிருந்து காசிமேட்டுக்குப் போய் மீன் ஏற்றிவர ஒருவர் லோடு ஆட்டோ வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் கட்டி, ஆர்டர் படிவத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. வண்டி எடுக்கும் நாளில் பில்லின் அடியில் பேனாவால் ஒரு வரி: ஹேண்ட்லிங் சார்ஜ். "கையெழுத்துப் போட்டீங்களே, கட்டித்தான் ஆகணும்" என்கிறார் டீலர். இது நியாயமே இல்லை. கையெழுத்து அன்று அந்தத் தாளில் இருந்த தொகைக்குத்தான், பிறகு முளைத்ததற்கு அல்ல. அந்தத் தொகை படிவத்திலேயே இருந்திருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம்தான். அதனால்தான் ஆர்டர் படிவத்தின் நகல் முக்கியம். அதை வாங்காமல் நகராதீர்கள். வேறு வழியின்றிக் கட்ட நேர்ந்தால், ரசீது வாங்கிக்கொண்டு, ஆட்சேபத்துடன் கட்டியதாக அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் எழுதிவிடுங்கள்.

தொழில் வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்பார்கள். ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க வாங்குபவரும் நுகர்வோரே என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். கோர்ட்டு என்றால் செலவாகுமே என்ற பயம் புரிகிறது. ஆனால் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். டீலர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். பழைய மாடல் காரைப் புதியது என்று விற்ற கோவா வழக்கில், டீலரின் தவறுக்குத் தயாரித்த கம்பெனியைப் பொறுப்பாக்க 2021-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆகவே மனுவில் டீலர் பெயர் விடுபடக் கூடாது. அதற்கு முன்னால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள்.