கவுன்சில் நாற்காலியும் காண்டிராக்ட் பையும்

(ஸ்தலஸ்தாபனத் தேர்தல் வேலைக்கான வகுப்பில், மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்தபோது பேசியது)



டில்லியில் என்ன சட்டம் வருகிறது என்பதை நாம் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்கிறோம். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதை யாரும் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிறவன் வீட்டில் அது விடியுமுன்பே தெரிந்துவிடும். சாக்கடை, தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை எல்லாம் ஸ்தலஸ்தாபனத்தின் கையில் இருக்கின்றன. அந்தக் கை யாருடைய கை என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

வெள்ளையன் காலத்தில் சொத்துள்ளவனுக்கும் வரி கட்டுகிறவனுக்கும்தான் ஓட்டு. இன்று வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு உண்டு. 1993-ல் அமலுக்கு வந்த 73, 74-வது திருத்தங்களால், 5 ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் என்பது அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. (அப்படியும் தமிழ்நாட்டில் 2016-ல் முடிந்த பதவிக்காலத்துக்கு, பெரும்பாலான கிராமங்களில் 2019 டிசம்பரிலும் நகரங்களில் 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் வைத்தார்கள். அது வேறு கதை.)

மெம்பராக இருப்பவன் அதே ஸ்தாபனத்தில் காண்டிராக்ட் எடுக்கக் கூடாது என்பது புது விஷயமல்ல. 1920-ஆம் வருஷத்து முனிசிபாலிடிச் சட்டத்திலேயே அது இருந்தது. தனக்கோ தன் கூட்டாளிக்கோ பணச் சம்பந்தம் உள்ள விஷயத்தில் பேசவோ ஓட்டளிக்கவோ கூடாது என்பதும் பழைய விதிதான். 1994-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டமும் காண்டிராக்ட் சம்பந்தம் உள்ளவனுக்குப் பதவி இல்லை என்கிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, டெண்டர் எடுக்கிறவர்கள் யார்? மைத்துனன் பெயரில் ஒன்று, டிரைவர் பெயரில் ஒன்று, ஊரில் இல்லாத ஒருவன் பெயரில் ஒன்று. பில்லில் கையெழுத்துப் போடுவதும் பில் பணத்தை வாங்குவதும் ஒரே வீடு. எஸ்டிமேட்டில் நாலு அங்குல கான்கிரீட் என்றிருக்கும், ரோட்டில் இரண்டு அங்குலம் கிடக்கும், எம்-புக்கில் மறுபடியும் நாலு அங்குலம் ஏறிவிடும். இது உங்களுக்குத் தெரிந்த சங்கதி. இதை விரிக்காமல் மேலே போவோம்.

காண்டிராக்டே எடுக்காதவன் செய்கிற காரியம்தான் நாம் அதிகம் பார்க்கத் தவறுவது. ஒரு பஞ்சாயத்துத் தலைவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். 40 ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிறார். ஊர்ப் பணத்தில் ஒரு காசு தொட்டதில்லை என்று சத்தியம் செய்வார், அது உண்மையாகவும் இருக்கலாம். 2005-ல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. ஆண்டில் 100 நாள் வேலை, காண்டிராக்டருக்கு இடமில்லை, கிராம சபையே கணக்குப் பார்க்கலாம் என்றது. இந்த மனிதர் என்ன செய்தார்? நடவு நாளில் வேலையைத் திறக்கவில்லை. திறந்தால் ஏரிக்கரைக்கு ஆள் போய்விடும், தன் வயலில் கூலியை ஏற்றித் தர வேண்டும். "எஸ்டிமேட் வரவில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னார், முடிந்தது. எந்த விதியும் மீறப்படவில்லை. நடவு செய்த பெண்களின் கூலியில்தான் அந்த ஆதாயம் இருந்தது. எந்த ஆடிட்டர் அதை எழுதுவார்?

ஊருக்கு ஊர் ஒரு பண்ணையார் செய்துகொண்டிருந்ததை, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டமாகவே எழுதிவிட்டது. பழைய சட்டத்தின் இடத்தில் கொண்டுவந்த புதுச் சட்டத்தில் 125 நாள் என்று போட்டுவிட்டு, விதைப்பு, அறுப்புக் காலத்தில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலை கிடையாது என்று வைத்திருக்கிறார்கள். கூலி ஏறுகிற நாள் எது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது.

நகரத்துக்கு வருவோம். மதுரை வில்லாபுரத்தை அறியாத தோழர் இங்கே இருக்க முடியாது. 1996-ல் மதுரை மாநகராட்சிக்கு நம் தோழர் லீலாவதி தேர்ந்தெடுக்கப்பட்டார். கைத்தறி நெசவு செய்து பிழைத்தவர். வில்லாபுரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வர வேண்டும் என்று நின்றார். குழாயில் தண்ணீர் வந்தால் யாருக்கு நஷ்டம்? தண்ணீரை விற்றுக் காசு பார்த்தவர்களுக்கு. 1997 ஏப்ரல் 23 அன்று, பகல் வெளிச்சத்தில், கடைத்தெருவில் அவரை வெட்டிச் சாய்த்தார்கள். பதவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு குடம் தண்ணீருக்குப் பின்னால் எத்தனை பேருடைய வருமானம் நிற்கிறது என்று நாம் கணக்குப் பார்ப்பதற்கு முன்பே அவர் அதைப் பார்த்துவிட்டார்.

இனி நம்மைப் பற்றி. இதைப் பேசாமல் போனால் மற்றவர்களைப் பற்றிப் பேச நமக்கு வாய் கிடையாது.

நம் சங்கத் தோழர் ஒருவர் கவுன்சிலர் ஆகிறார் என்று வையுங்கள். அவர் வேலை செய்யும் மில் சொத்து வரி பாக்கி வைத்திருக்கிறது. விஷயம் கவுன்சிலுக்கு வருகிறது. கடுமையாகப் பேசினால் நாளைக்கு மானேஜர் அவரை ராத்திரி ஷிப்டுக்கு மாற்றுவார், அல்லது "வரி கட்டினால் 50 பேரை நிறுத்த வேண்டிவரும்" என்று தொழிலாளர்களிடமே சொல்லி அனுப்புவார். பேசாமலிருந்தால் வரிப்பணம் போகும், அந்தப் பணத்தில் வர வேண்டிய சாக்கடையும் நம் லைனுக்கு வராது. அவர் என்ன செய்வது? அன்றைக்கு மட்டும் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொள்வதா? அப்படிப் படுத்தவர்களும் உண்டு.

எங்கள் கருத்து இது. கூட்டம் தொடங்கும்போதே எழுந்து, "நான் அந்த மில்லின் தொழிலாளி, இதை மினிட்டில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும். பிறகு சங்கம் முடிவு செய்ததைப் பேச வேண்டும். தனி ஆளாக முடிவு செய்தால் மானேஜர் தனி ஆளைப் பிடிப்பார். மைத்துனனுக்கு மேஸ்திரி வேலை, மகளுக்கு அங்கன்வாடி வேலை என்று நம் வீட்டுக்கும் ஆசை வரும். வரவில்லை என்று சொல்கிறவரை நாங்கள் நம்புவதில்லை. அப்படி ஒன்று வந்தால் அதைக் கிளையில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கிராமத்துத் தோழர்களுக்கு இன்னொன்று. பஞ்சாயத்துச் செக்கில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்பது 1994 சட்டத்தின் ஏற்பாடு. திருட்டைத் தடுக்க வைத்ததுதான். ஆனால் ரிசர்வ் தொகுதியில் நம் சேரித் தோழர் தலைவராக வந்தால், துணைத்தலைவராக மேலத்தெருக்காரர் உட்கார்ந்துகொண்டு பேனாவை மூடிவிடுகிறார். மோட்டார் ரிப்பேருக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. ஆகவே தலைவர் பதவிக்கு உழைப்பதோடு நின்றுவிடாதீர்கள், வார்டு மெம்பர்களையும் எண்ணுங்கள். துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள்தான்.

கிராம சபை முன்பு ஆண்டுக்கு நான்கு முறை நடந்தது. 2022-லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். அதில் மே 1-ம் ஒன்று. காலையில் கொடியேற்றிவிட்டு நேராகச் சபைக்குப் போகலாம். வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் தெரு ரோட்டின் எஸ்டிமேட், எம்-புக் நகல் இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். மனு எழுதத் தாளும் ஸ்டாம்பும் இங்கே வைத்திருக்கிறோம். டீ குடித்துவிட்டு வாருங்கள், எழுதத் தெரிந்த தோழர்கள் முன்வரிசையில் உட்காருங்கள்.