அன்றாடத்திற்கு ஒரு பழைய மோட்டார்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆண்டு இதே மேடையில் சிலப்பதிகாரத்தைப் பற்றி ஓர் அன்பர் அரியதொரு சொற்பொழிவு ஆற்றினார். இவ்வாண்டு காரியதரிசி அவர்கள் என்னை அழைத்து, "தாங்களும் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேச வேண்டும்" என்று பணித்தார்கள். "எனக்குத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான், அது நம் கட்டட வாயிலில் மாமரத்தடியில் நிற்கிறது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இசைந்துவிட்டார். இலக்கியச் சுவையை நாடி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

மாமரத்தடியில் நிற்பது 1974ஆம் ஆண்டில் குர்லாவில் பிறந்த பிரீமியர் பத்மினி. அதை நான் வாங்கியது 2003இல். ஓய்வு பெறும் வரை செம்பூரிலிருந்து ஃபோர்ட்டில் உள்ள அலுவலகத்திற்கு நாள்தோறும் அதில்தான் சென்று வந்தேன். இன்றும் காய்கறிக்கும் கோயிலுக்கும் மருத்துவரிடம் செல்வதற்கும் அதுவே எங்கள் வாகனம். இரண்டு மாதங்களுக்கு முன் மூன்றாவது கட்டடத்து இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து, "மாமா, நானும் ஒரு பழைய கார் வாங்கி அதிலேயே ஆபீசுக்குப் போய் வரலாம் என்றிருக்கிறேன். எதை வாங்கலாம், சொல்லுங்கள்" என்றார். படிக்கட்டில் நின்றபடி அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. மிச்சத்தை இன்று இந்த மேடையில் சொல்லிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் 'விண்டேஜ்' என்ற சொல்லைக் கவனிப்போம். இங்கிலாந்தில் இக்கலை பயின்றவர்கள் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட வண்டிகளையே அப்பெயரால் அழைப்பார்கள். நம் நாட்டிலோ 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் எதுவும் இன்றி மூல உருவிலேயே காக்கப்பட்டு வரும் வண்டி விண்டேஜ் வண்டி. அதற்கெனத் தனிப் பதிவும், 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் பலகையும் உண்டு. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்விதியின் உள்ளே ஒரு முள் இருக்கிறது. அவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஆராய்ச்சிக்கும் கொண்டு செல்லலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துச் செல்லலாம். அன்றாட உபயோகத்திற்கு மட்டும் ஓட்டக் கூடாது. அதாவது, சட்டத்தின் கண்ணில் விண்டேஜ் ஆன வண்டி அன்றாட வண்டி ஆக முடியாது!

என் பத்மினிக்கு 2024இல் ஐம்பது நிறைந்தது. பழைய கார்ப் பிரியர்களான நண்பர்கள் சிலர், அந்தக் கௌரவப் பலகையை வாங்கிவிடும்படி அன்புடன் வற்புறுத்தினார்கள். என் மனைவியோ, "பலகையை வாங்கிய பிறகு சந்தைக்கு எதில் போவது?" என்று ஒரே கேள்வி கேட்டாள். விஷயம் அத்துடன் முடிந்தது. ஆகவே, பழைய வண்டியை நாள்தோறும் ஓட்ட விரும்புகிறவர் சாதாரணப் பதிவையே வைத்துக்கொண்டு, தகுதிச் சோதனைக்குக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வரவேண்டும். இதிலும் ஊருக்கு ஊர் நிலைமை வேறு. தலைநகர்ப் பகுதியில் டீசல் வண்டிக்குப் பத்தாண்டு, பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்தாண்டு என்று 2014-15இல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த வரம்பு, அதன்பின் பலமுறை நீதிமன்றப் படி ஏறியிருக்கிறது. வண்டியைப் பார்க்கு முன் தத்தம் ஊர் விதியைப் பார்த்துவிடுவது நலம்.

இனி, எந்த வண்டி? 1960களில் நம் தேசத்துச் சாலைகளில் உள்நாட்டுக் கார் என்றால் பெரும்பாலும் மூன்றே. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் மாரிஸ் ஆக்ஸ்போர்டை மூலமாகக் கொண்டு செய்த அம்பாஸடர் ஒன்று. பம்பாய்க் குர்லாவில் செய்த பியட் மற்றொன்று. அதுவே பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறியது. மூன்றாவது, சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இந்த மூன்றாவதில்தான் என் மனம் சிக்கிக் கிடந்தது. நான் பிறந்து வளர்ந்தது தாம்பரம். ஆலையிலிருந்து புதிய ஹெரால்டுகள் வெளிவந்து செல்வதைப் பள்ளிக்கூடச் சுவரின்மேல் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். அதன் முன்மூடியும் பக்கங்களும் ஒரே துண்டாக முன்புறம் சாய்ந்து திறக்கும். எஞ்சினும் முன்சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். இருபத்தைந்து அடி வட்டத்திற்குள் திரும்பிவிடும். அந்த அழகை அன்று கண்ட கண் வேறொன்றையும் ஏற்கவில்லை. 2003இல் மாட்டுங்காவில் ஒரு 1968ஆம் ஆண்டு ஹெரால்டு விலைக்கு வந்தபோது, ஊரே தேடி வந்துவிட்டது போன்ற மகிழ்ச்சியுடன் ஓடினேன். மூன்று முறை சென்று பார்த்தேன். மூன்றாம் முறை, உடன் வந்த வயதான மெக்கானிக் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து, "வண்டி நன்றாக இருக்கிறது, சாகேப். இதன் வாட்டர் பம்ப் போனால் எங்கே வாங்குவீர்கள்?" என்றார். என்னிடம் விடை இல்லை.

அவரே என்னைக் குர்லா சி.எஸ்.டி. சாலைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கடைக்குக் கடை பத்மினியின் உறுப்புகள் மாலை மாலையாகத் தொங்கின. அன்றைக்கு நகரத்தின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளில் மிகப் பெரும்பாலானவை பத்மினிகளே. ஆதலால், டாக்ஸி ஸ்டாண்டு தோறும் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கழற்றி மாட்டக்கூடிய கைகள் இருந்தன. மறுவாரமே பத்மினியை வாங்கினேன். ஹெரால்டை வேறொருவர் கொண்டுபோனார். அதை எண்ணி இன்றும் சில இரவுகளில் எனக்கு வருத்தம் வருவதுண்டு. ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்குப் புறப்பட வேண்டியவன் செய்யத் தக்கது அதுவே என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

எனவே, பழைய வண்டியைத் தேர்வதற்கு முன் நம் ஊரில் எந்த வண்டிக்கு உறுப்பும் கையும் இருக்கின்றன என்பதைத் தேர வேண்டும் என்பது என் கருத்து. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் வாங்கிய காலத்து நியாயம் இன்று அப்படியே செல்லாது. பத்மினியின் உற்பத்தி இந்நூற்றாண்டின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. டாக்ஸிகளுக்கு விதித்த இருபதாண்டு வயது வரம்பினால் கடைசிப் பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரில் சாலையை விட்டு விலகியது. டாக்ஸியை நம்பி வாழ்ந்த கடைகளில் பல இப்போது வேறு சரக்கு விற்கின்றன. அம்பாஸடரோ 2014 மே மாதம் வரை ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதிலும் 1990களில் வந்த இசுசு எஞ்சினும் ஐந்து கியரும் கொண்ட வண்டி, உருவில் பழமையும் ஓட்டத்தில் ஓரளவு புதுமையும் உடையது. என் வண்டி கேட்டால் கோபித்துக்கொள்ளும். எனினும் இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது அதைத்தான்.

பார்க்கச் செல்லும்போது, சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பளபளக்கும் வண்ணத்தின்மேல் அதை வைத்து நகர்த்துங்கள். இரும்பு இருக்குமிடத்தில் ஒட்டும். துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி பூசி மூடிய இடத்தில் நழுவி விழும். அம்பாஸடருக்கும் பத்மினிக்கும் தனிச் சட்டகம் கிடையாது, உடலே எலும்பு. கதவுக்குக் கீழுள்ள படிப்பகுதியும் தரையும் அரித்துப் போயிருந்தால், வீட்டின் தூண் அரித்ததற்கு ஒப்பாகும். எஞ்சின் புகைந்தால் பிரித்துச் சரிசெய்யலாம். உடல் அரித்த வண்டியைச் சரிசெய்யும் டிங்கர் செலவு, வண்டியின் விலையை விழுங்கிவிடும். கடற்காற்றும் நான்கு மாத மழையும் உள்ள நம் நகரத்தில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். விற்பவர் நாம் வருமுன்னே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், விடைபெற்றுக்கொண்டு மறுநாள் விடியற்காலையில் சொல்லாமல் செல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை எனக்கு நேர்ந்த ஒரு சம்பவமே கற்பித்தது. 2009ஆம் ஆண்டு, ஆவணி மாதத்து மாலை, மழை தூறிக்கொண்டிருந்தது. கல்லூரியிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். முன்னே பேருந்து நின்றது. பிரேக்கை மிதித்தேன், மிதி ஒரு தடையும் இன்றித் தரையைத் தொட்டது. இரண்டாவது கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். பேருந்தின் பின்புறத்திற்கும் எங்களுக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தபோது வண்டி நின்றது. மகள் இரு கைகளையும் டாஷ்போர்டில் ஊன்றிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. வீடு வந்ததும் நேரே உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

காரணம் மிகச் சிறியது. அதற்கு முந்தைய வாரம் ஒரு பட்டறையில் மாற்றிய சக்கரச் சிலிண்டரின் ரப்பர்க் கிண்ணம் போலிச் சரக்கு. அது கிழிந்து எண்ணெய் ஒழுகிவிட்டது. ஆனால் பெரிய காரணம் வேறு. அக்காலத்து வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியாகச் செல்லும். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போகும். ஆறு ஆண்டுகளாக அந்த வண்டியில் என் குடும்பத்தை ஏற்றிச் சென்றவனுக்கு, அது அன்றுதான் உறைத்தது.

இரண்டு மாதம் வண்டியை நிறுத்தி, தேர்ந்த கை ஒன்றைப் பிடித்து, முன்சக்கரங்களுக்கு ஒன்றும் பின்சக்கரங்களுக்கு ஒன்றுமாக இரட்டை வழிப் பிரேக்கு வைத்தேன். முன்னிருக்கைகளுக்குத் தரையில் இரும்புத் தகடு பற்றவைத்து, இடைவார் பொருத்தினேன். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தேன். மழை இரவில் விளக்கும் துடைப்பானும் ஓட, நெரிசலில் நிற்கும் வண்டிக்கு டைனமோ போதாது. ரேடியேட்டருக்கு மின்விசிறியும் வந்தது. மூலத் தூய்மையைப் போற்றும் நண்பர்கள் முகம் சுளித்தார்கள். கண்காட்சிப் பரிசு எனக்கு இனிக் கிடைக்காது என்பதும் உண்மை.

பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000இல் ஒழிந்தது. வார்ப்பிரும்புத் தலையுள்ள பழைய எஞ்சின்களில் அந்த ஈயமே வால்வின் இருக்கையைத் தேயாமல் காத்தது; எஞ்சினைப் பிரிக்கும்போது கடின உலோக இருக்கைகள் வைத்துவிட வேண்டும். இப்போது இருபது விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. அது பழைய ரப்பர்க் குழாயையும் பம்பின் சவ்வையும் ஊறவைத்துப் பிளக்கும். சூடான எஞ்சினின் அருகே பெட்ரோல் கசிவது விளையாட்டு அல்ல. குழாய்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றினேன். இவற்றுக்கெல்லாம் ஆன செலவை, என் மனைவி முன்வரிசையில் இருப்பதால், சொல்லாமல் விடுகிறேன்.

இவ்வளவும் செய்த வண்டி எனக்கு உழைத்ததா என்றால், உழைத்தது. கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கிப் புதிய கார்கள் மின்மூளை நனைந்து இழுவண்டிக்குக் காத்திருந்த நாள்களில், டிஸ்டிரிப்யூட்டர் மூடியைக் கழற்றித் துண்டால் துடைத்து மாட்டி, வீடு வந்து சேர்ந்திருக்கிறேன். லிட்டருக்குப் பத்துப் பதினொரு கிலோமீட்டர் கொடுக்கும். குளிர்சாதனம் இல்லை, மே மாதத்தில் சட்டையைப் பிழிய வேண்டியிருக்கும்.

மறுபடி அந்த இளைஞரிடம் வருகிறேன். எவ்வளவு சொல்லியும் அவர் ஆர்வம் குன்றவில்லை. ஆகவே சென்ற ஆடி மாதத்தில் என் வண்டிச் சாவியை அவரிடம் கொடுத்து, "ஒரு வாரம் இதில் ஆபீசுக்குப் போய் வாருங்கள், தம்பி; பிறகு பேசுவோம்" என்றேன். மழையில் ஆறு நாளும் ஓட்டினார். கியர்க் கம்பு ஸ்டியரிங்கின் பக்கத்தில் இருப்பது மூன்றாம் நாளே கைவந்துவிட்டதாகப் பெருமிதத்துடன் சொன்னார். ஏழாம் நாள் அவருடைய மனைவியார், மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாவியைத் திருப்பித் தர வந்தார். "மாமா, வண்டி அழகாகத்தான் இருக்கிறது. குழந்தையின் பாதுகாப்பு நாற்காலியை இதில் எங்கே மாட்டுவது?" என்று கேட்டார்.

மாட்டுவதற்கு இடம் இல்லை. முன்னால் இடைவார் வைத்த நான், பின்னிருக்கையை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. என் மகள் அப்போதே வளர்ந்துவிட்டாள். அந்த அம்மையாரிடம் உண்மையைச் சொன்னேன்: குழந்தை உள்ள வீட்டில் இது ஒரே வண்டியாக இருக்கக் கூடாது, தம்பி மட்டும் ஆபீசுக்கு ஓட்டிச் செல்லும் இரண்டாவது வண்டியாக இருக்கலாம், அதுவும் பிரேக்கை மாற்றிய பிறகு. அவர் சற்று நேரம் மாமரத்தடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்படியானால் அந்த இரட்டைப் பிரேக்கு வைத்தவருடைய விலாசத்தைக் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். தாணாவில் ஓர் அம்பாஸடர் இருப்பதாகக் கேள்வி. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல், நாங்கள் மூவருமாக அதைப் பார்க்கச் செல்லவிருக்கிறோம். காந்தம் என்னிடம் இருக்கிறது.